ஐவாலிஸ் போரும் அதன் ஆட்டக்காரர்களும்

ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997 ஜூன் 20 அன்று பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்’ என்னும் வீடியோ கேம், கால் நூற்றாண்டைக் கடந்த பின்னரும் ஆட்டக்காரர்களிடையே வாதத்தைக் கிளப்பும் ஆட்டங்களுள் ஒன்றாக இருந்து வருகிறது. அதைப் போற்றுவோரும் சாடுவோரும் பெரும்பாலும் இரு வேறு அணியினர் அல்லர். அதன் சுதந்திரத்தைப் புகழ்ந்து பேசும் ஆட்டக்காரரே அதன் சமநிலையின்மையையும் குறைகூறுகிறார், அதன் கதையைத் தலைசிறந்தது என்று சொல்பவரே அக்கதையின் பிற்பகுதி தடம் புரண்டுவிட்டது என்றும் சொல்கிறார். இந்த முரணைக் கூர்ந்து நோக்கினால் புகழும் குறையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது புலப்படும்: இந்த ஆட்டத்தை ஆக்கியவர்கள் ஏராளமான விதிகளை வகுத்துவிட்டு, அவ்விதிகள் ஒன்றோடொன்று கலந்து என்ன விளைவிக்கும் என்பதற்குக் காவல் போடாமல், அதை முற்றிலும் ஆடுபவர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்.

வியூகப் பாத்திர ஆட்டம் என்பது இரண்டு மரபுகளின் கூட்டு. கதைமாந்தர் சிலரை ஆட்டக்காரர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, போருக்குப் போர் அவர்களுடைய ஆற்றலைப் பெருக்கி, ஒரு நெடுங்கதையின் ஊடாக அழைத்துச் செல்வது பாத்திர ஆட்டத்தின் இயல்பு. சதுரங்கப் பலகையைப் போலக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட களத்தில் முறை வைத்துக் காய் நகர்த்திப் போரிடுவது வியூக ஆட்டத்தின் இயல்பு. இவ்விரண்டையும் இணைக்கும் கலையில் முன்பே பெயர் பெற்றிருந்தவர் யாசுமி மட்சுனோ. குவெஸ்ட் என்னும் நிறுவனத்தில் இருந்தபோது அவர் உருவாக்கி 1995இல் வெளிவந்த ‘டாக்டிக்ஸ் ஓகர்’, இனப்போரில் சிக்கிய ஒரு தீவுக்கூட்டத்தின் கதையைச் சொல்லி, ஆட்டக்காரர் எடுக்கும் முடிவுகளுக்கேற்பக் கதையைக் கிளை பிரியச் செய்தது. அதன்பின் அவர் ஸ்கொயர் நிறுவனத்துக்கு வந்து, ஹிரோனோபு சகாகுச்சி தயாரிக்க, ஹிரோயுகி இட்டோ போர்முறையை வடிவமைக்க, இந்தப் புதிய ஆட்டத்தை இயக்கினார். அகிஹிகோ யோஷிடா வரைந்த பாத்திரங்களுக்கு மூக்கு இல்லை என்பது ஆட்டக்காரர்களின் நீண்டகால வேடிக்கைப் பேச்சு; ஹிட்டோஷி சகிமோட்டோவும் மசஹாரு இவாட்டாவும் அமைத்த இசையைப் பற்றி மட்டும் எத்தரப்பிலும் குறை கேட்பது அரிது.

போர்க்களத்தின் அடிப்படை விதி காலம் பற்றியது. ஒவ்வொரு வீரனுக்கும் வேகம் என்று ஓர் எண் உண்டு. ஆட்டத்தின் கடிகாரம் துடிக்கும்தோறும் அந்த எண் அவன் கணக்கில் சேர்ந்துகொண்டே வந்து 100ஐ எட்டியதும் அவன் முறை வருகிறது. நகரவும் தாக்கவும் செய்துவிட்டால் அந்த 100ம் செலவாகிவிடும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் 80ம், ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் 60ம் கழியும் என்பதால், சும்மா இருப்பதற்கும் இங்கே ஒரு மதிப்பு உண்டு. மந்திரங்கள் சொன்னவுடன் பலிப்பதில்லை. ஓதி முடிக்கும் வரை கடிகாரம் துடித்துக்கொண்டிருக்க, குறிவைக்கப்பட்ட எதிரி அதற்குள் நகர்ந்துவிடலாம், அல்லது மந்திரவாதியின் தோழர்களுக்கு நடுவே வந்து நின்று அவர்களையும் அதே நெருப்பில் இழுத்துவிடலாம். களத்தின் மேடு பள்ளமும், வீரன் எத்திசை நோக்கி நிற்கிறான் என்பதும் தாக்குதலின் பலனை மாற்றுகின்றன. வீழ்ந்த வீரனின் தலைமேல் 3 என்ற எண் தோன்றி முறைக்கு முறை குறையும். அது தீர்வதற்குள் அவனை எழுப்பாவிட்டால் அவன் படிகமாகவோ பேழையாகவோ மாறி, அந்த ஆட்டத்தில் என்றென்றைக்குமாக மறைந்துபோவான்.

ஆட்டக்காரர்களின் பேச்சு மிகுதியும் சுற்றிச் சுற்றி வரும் இடம் தொழில் முறை. படையில் சேரும் எந்தச் சாதாரண வீரனும் பயிற்சி வீரனாகவோ மருந்தாளனாகவோ தொடங்கி, அத்தொழிலில் தேறியபின் படைவீரன், வில்லாளி, மடத்துறவி, திருடன், சாமுராய், நிஞ்ஜா என மேலும் மேலும் திறக்கும் வாசல்களில் நுழையலாம். இவ்வாறு 20 தொழில்கள் உள்ளன. ஒரு தொழிலில் ஈட்டிய புள்ளிகளைக் கொண்டு கற்ற திறனை வேறொரு தொழிலுக்கு மாறிய பின்னும் எடுத்துச் செல்லலாம் என்பதே இம்முறையின் உயிர்நாடி. எனவே தாக்கும் முன் கவசத்தை உடைக்கும் திருடனையும், மந்திரம் ஓதும் ஈட்டிவீரனையும், இரு கைகளாலும் அடுத்தடுத்துக் குத்தும் துறவியையும் ஆக்குவது ஆட்டக்காரரின் விருப்பம். தம் வீரர்களின் கலவையை மணிக்கணக்கில் மாற்றி மாற்றி அமைத்து மகிழ்பவர்களே இந்த ஆட்டத்தின் பழைய அன்பர்களுள் பெரும்பகுதியினர். கதையை முடிக்காமலேயே இந்த வேலையில் ஆழ்ந்துபோனவர்களும் அவர்களுள் உண்டு.

இந்த இன்பத்துக்கு உரிய விலை உழைப்பு என்று வேறு சிலர் முறையிடுகின்றனர். திறன்களுக்கான புள்ளிகள் போரில் ஏதேனும் ஒரு செயலைச் செய்தால்தான் கிடைக்கும். செயல் எதுவாக இருந்தாலும் சரி. ஆகவே களத்தில் ஒரே ஓர் எதிரியை மட்டும் செயலிழக்கச் செய்து உயிரோடு விட்டுவைத்து, தம் வீரர்களை ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிய விட்டுப் புள்ளி சேர்ப்பது உலகெங்கும் பரவிய வழக்கமாயிற்று. உள்நாட்டுப் போரின் கொடுமையைப் பேசும் ஒரு கதையின் நடுவே, அரை மணி நேரம் தோழர்கள் ஒருவருக்கொருவர் கல்லெறிந்துகொண்டு நிற்பதை ஆக்கியோர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்பது உறுதி. பொழுதுபோக்கு வேலையாகிவிட்டது என்பது குறைகூறுவோர் வாதம். யாரும் கட்டாயப்படுத்தாத ஒன்றைத் தாமே செய்துகொண்டு புலம்புவானேன் என்பது மறுப்போர் வாதம். நியாயம் பின்னவர் பக்கம் சற்று மிகுதி எனினும், தொடக்கப் போர்களில் சில, குறிப்பாக டார்ட்டர் நகரின் கூரைகளில் வில்லாளிகள் மேலிருந்து அம்பு பொழியும் போர், புதியவர்களை இவ்வழக்கத்தை நோக்கித் தள்ளுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

சமநிலையின்மை என்ற குற்றச்சாட்டுக்கு எப்போதும் முதற்சான்றாக எடுத்துக்காட்டப்படுவது கணக்கர் என்னும் தொழில். நான்கு மந்திரத் தொழில்களில் தேறியவருக்கே திறக்கும் இத்தொழில், மந்திரத்தை ஒரு கட்டத்தின் மேல் ஏவாமல் ஒரு கணிதக் கூற்றின் மேல் ஏவுகிறது. நிலை, அனுபவம், நிற்கும் இடத்தின் உயரம், காலக் கணக்கு ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்து, அது பகா எண்ணாகவோ 3, 4, 5 ஆகியவற்றின் மடங்காகவோ உள்ள அனைவர்மேலும், களத்தின் எந்த மூலையில் நின்றாலும், மந்திரம் உடனே பாயும். ஓதுவதற்குக் காலமும் தேவையில்லை, மந்திர ஆற்றலும் செலவில்லை. நண்பரும் பகைவரும் ஒருங்கே அடிபடுவர் என்பதே இதற்கு இடப்பட்ட ஒரே கடிவாளம். ஆட்டக்காரர்கள் அதையும் அவிழ்த்துவிட்டனர்: புனித ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும் அங்கியைத் தம் படையினர் அனைவருக்கும் அணிவித்துவிட்டுப் புனித மந்திரத்தை ஏவினால், எதிரிகள் மாள்வர், தோழர்களோ காயம் ஆறி நிற்பர். இப்படி ஒரே முறையில் ஒரு போரை முடித்துவிடலாம். இதைக் கண்டுபிடித்த கணத்தை ஆட்டத்தின் உச்ச இன்பமாக நினைவுகூர்பவர்களும், அக்கணத்தோடு ஆட்டம் செத்துவிட்டது என்பவர்களும் ஒரே அனுபவத்தைத்தான் பேசுகின்றனர்.

கணக்கர் தொழிலாவது உழைத்துப் பெறுவது. நான்காம் அத்தியாயத்தில் படையில் சேரும் சிடோல்ஃபஸ் ஓர்லாண்டோ, இடிக்கடவுள் என்ற பட்டத்துக்கு ஏற்ப, எக்ஸ்காலிபர் வாளோடும் பல வகை வாள்வித்தைகளோடும் தயாராகவே வந்து நிற்கிறார். அவரைத் தனியே அனுப்பினாலும் பல போர்கள் முடிந்துவிடும் என்பதால், அதுவரை பாடுபட்டு வளர்த்த வீரர்கள் வேலையற்றுப் போகின்றனர். தொடக்கம் கடினம், இடை மிகக் கடினம், முடிவு எளிது என்று இந்த ஆட்டத்தின் கடினத்தன்மை தலைகீழாக அமைந்திருப்பதாகச் சொல்லப்படும் குறைக்கு அவரே பெருங்காரணம். இது வடிவமைப்பின் பிழை என்றே கொள்ளத் தக்கது. நாட்டின் மிகப் பெரிய வீரர் பக்கம் மாறினால் போரின் போக்கு மாறத்தானே வேண்டும் என்று கதையின் சார்பில் சொல்லப்படும் சமாதானம் கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், அதற்குப்பின் வரும் போர்களின் சுவையை அது மீட்டுத் தருவதில்லை.

கடினத்தன்மை பற்றிய பேச்சில் ரியோவேன்ஸ் கோட்டைக்குத் தனி இடம் உண்டு. மூன்றாம் அத்தியாயத்தின் இறுதியில் வரும் இக்கோட்டையில் வாயில், உட்கூடம், கூரை என மூன்று போர்கள் தொடர்ந்து நிகழ்கின்றன. இடையில் ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் வாய்ப்பு தரப்படுகிறது, ஆனால் வெளியேறிச் சென்று பயிற்சி பெற்று வரும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. உட்கூடத்தில் நாயகன் ரம்சா தோழர் எவருமின்றித் தனியாக விக்ராஃப் என்னும் வீரனை எதிர்கொள்ள வேண்டும். அவன் வீழ்ந்ததும் அரக்க உருவெடுத்து மீண்டும் எழுவான். ரம்சாவைப் பின்னின்று உதவும் பாத்திரமாக வளர்த்து, ஒரே ஒரு சேமிப்பை மட்டும் வைத்திருந்து, அதையும் வாயில் போருக்குப்பின் மேலெழுதிவிட்ட ஆட்டக்காரர்களுக்கு, பல மணி நேர உழைப்பைக் கைவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் ரம்சாவின் தனித்திறனைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, எதிரிக்கு ஒரு முறை வருவதற்குள் தனக்குப் பல முறை வரச் செய்யலாம் என்ற தீர்வு ஆட்டக்காரரிடமிருந்து ஆட்டக்காரருக்குப் பரவியது. அதையும் கடந்து கூரைக்குச் சென்றால், காப்பாற்றப்பட வேண்டிய ராஃபா என்னும் பெண் ஆட்டக்காரரின் கட்டுப்பாட்டில் இல்லாதவளாய், மூன்று கொலைகாரர்களை நோக்கித் தானே ஓடுவதும், ஆட்டக்காரர் விரல் அசைப்பதற்குள் அவள் மாண்டு ஆட்டம் முடிந்துபோவதும் நடக்கும். முந்தைய போரின் கொடுமையில் ஒரு நீதியேனும் இருந்தது. கூரைப் போரில் இருப்பது வெறும் தற்செயல்.

விக்ராஃப் மீது ஆட்டக்காரர்கள் கொண்ட வெறுப்பு, கதை அவனுக்கு அளித்த இடத்தை மறைத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ஐவாலிஸ் என்னும் கற்பனை நாடு அண்டை நாட்டோடு ஐம்பதாண்டுப் போர் நடத்தித் தோற்றுக் களைத்திருக்கிறது. ஊதியம் தரப்படாமல் கைவிடப்பட்ட படைவீரர்கள் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுகின்றனர். அவர்களுடைய தலைவன் விக்ராஃப். அவனுடைய தங்கை ரம்சாவின் படையோடு மோதி மாண்டபின், இலட்சியம் பழிவாங்கலாகத் திரிந்து, திருச்சபையின் கூலியாளாகி, முடிவில் அரக்கனுக்கு உடலை விற்றவனாகிறான். முதல் அத்தியாயத்தில் நியாயம் அவன் பக்கம் இருந்தது என்பதை, மூன்றாம் அத்தியாயத்தில் இருபது முறை தோற்ற ஆட்டக்காரர் நினைவில் வைத்திருப்பது கடினம்.

இக்கதையின் அரசியல், இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டில் நடந்த ரோஜாப் போர்களை அடியொற்றியது. மன்னர் இறந்தபின் குழந்தை இளவரசனை முன்னிறுத்தும் லார்க் கோமகனும், இளவரசி ஒவிலியாவை முன்னிறுத்தும் கோல்டானா கோமகனும் வெண்சிங்கம், கருஞ்சிங்கம் என்ற கொடிகளின் கீழ் நாட்டைப் பிளக்கின்றனர். அதன் அடியில் கிளபடோஸ் திருச்சபை தன் பங்குக்குச் சூழ்ச்சி செய்ய, அதற்கும் அடியில் ராசிக் கற்களுக்குள் உறையும் லுகாவி என்னும் அரக்கர்கள் காத்திருக்கின்றனர். ஆட்டக்காரர்கள் பிளவுபடும் இடம் இந்தக் கடைசி அடுக்குதான். பிரபுக்களும் குடிமக்களும் மோதும் முதல் அத்தியாயத்தின் கூர்மையை அரக்கர்கள் வந்து மழுக்கிவிட்டார்கள், மனிதர்கள் செய்த குற்றத்துக்கு அரக்கர்களைப் பொறுப்பாக்கியது கதையின் தப்பித்தல் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். அரக்கர்கள் எவரையும் வலிந்து பிடிக்கவில்லை, ஆசையோ ஆற்றாமையோ உள்ளவர்களே கல்லின் அழைப்புக்கு இணங்குகிறார்கள் என்பதால் குற்றம் மனிதருடையதாகவே எஞ்சுகிறது என்று மறுசாரார் விடையளிக்கின்றனர். விக்ராஃபின் வீழ்ச்சியைக் கவனித்தால் பின்னவர் வாதம் வலுவுடையது. ஆயினும் நான்காம் அத்தியாயத்தின் பிற்பாதியில் கோமகன்களின் போர் ஏறத்தாழ மறக்கப்பட்டு, கதை ஓர் அரக்கனிடமிருந்து அடுத்த அரக்கனுக்கு விரைவதும் உண்மையே.

டெலிடா பற்றிய வாதம் இதைவிட நுட்பமானது. ரம்சாவின் வீட்டில் அவனோடு வளர்ந்த ஏழைச் சிறுவனான டெலிடா, ஸீக்டன் கோட்டையில் தன் தங்கை டீட்ரா பணயக் கைதியாக நிற்கையில், குடிமக்கள் உயிர் என்ன விலை பெறும் என்று எண்ணிய பிரபுக் குலத்தவரின் அம்புக்கு அவள் இரையாவதைக் காண்கிறான். அதன்பின் அவன் எல்லாத் தரப்பினரையும் பயன்படுத்தி, எல்லாத் தரப்பினருக்கும் துரோகம் செய்து, ஒவிலியாவை மணந்து அரசனாகிறான். ரம்சாவோ உலகைக் காத்தும் மதத்துரோகி என்ற பெயரோடு வரலாற்றிலிருந்து அழிக்கப்படுகிறான். நிகழ்ச்சிகள் நடந்து பல நூற்றாண்டுகள் கழித்து, திருச்சபை மறைத்துவைத்த சுவடிகளை ஆராயும் ஆரஸ்லாம் என்னும் வரலாற்றாசிரியர் இக்கதையைச் சொல்வதாக ஆட்டம் அமைக்கப்பட்டிருக்கிறது. இறுதிக் காட்சியில் தன்னையும் பயன்படுத்தினான் என்று நம்பிய ஒவிலியா டெலிடாவைக் குத்த, அவன் அவளைத் திருப்பிக் குத்துகிறான். அவன் அவளை நேசித்தானா, இல்லையா? ரம்சாவும் அவன் தங்கையும் இறுதியில் குதிரைபோன்ற பறவைகள்மீது ஏறிச் செல்வது உயிரோடுதானா, ஆவியாகவா? இவ்விரு கேள்விகளும் தலைமுறை தாண்டி ஓயாமல் விவாதிக்கப்படுகின்றன. டாக்டிக்ஸ் ஓகரைப் போல ஆட்டக்காரரின் முடிவுக்கேற்பக் கதை பிரியவில்லையே என்று வருந்துவோர் உண்டு. போர்க்களத்தில் எல்லையற்ற சுதந்திரம் தந்துவிட்டுக் கதையில் ஒரு துளியும் தராத இந்த அமைப்பு, வரலாறு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது என்ற கதைப்பொருளோடு இயைவதை அவர்கள் கருதுவதில்லை.

1998 ஜனவரியில் வட அமெரிக்காவுக்கு வந்த ஆங்கிலப் பதிப்பின் மொழிநடை குழப்பம் நிறைந்தது. பயிற்சிப் பாடம் நடத்தும் ஆசிரியரின் பேச்சு புரியாததற்கே புகழ் பெற்றது. ஐரோப்பாவில் அப்பதிப்பு வெளியாகவே இல்லை. 2007இல் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்னும் கையடக்கக் கருவிக்கு ‘தி வார் ஆஃப் தி லயன்ஸ்’ என்ற பெயரில் வந்த மறுபதிப்பு, பழைய ஆங்கில நாடகங்களை நினைவூட்டும் செம்மாந்த நடையில் புதிய மொழிபெயர்ப்பைத் தந்தது. கதை இப்போதுதான் விளங்கிற்று என்று வரவேற்றவர்கள் பலர். இளமையில் மனப்பாடமாகிவிட்ட பழைய கரடுமுரடான வசனங்களுக்காக ஏங்கியவர்கள் சிலர். புதிதாகச் சேர்க்கப்பட்ட இருள்வீரன், வெங்காயவீரன் ஆகிய தொழில்களைவிட, தாக்குதல் காட்சிகளின்போது படம் தேங்கித் தேங்கி ஓடியதும், சில அரிய ஆயுதங்கள் அருகில் மற்றொருவர் கருவியோடு இருந்தால் மட்டுமே கிடைத்ததும்தான் அப்பதிப்பைப் பற்றிய பேச்சில் அதிகம் இடம்பெற்றன.

2025 செப்டம்பர் 30 அன்று வெளியான ‘தி ஐவாலிஸ் குரோனிகிள்ஸ்’ பழைய வாதங்கள் பலவற்றை மீண்டும் கிளறியது. மூல ஆட்டத்தின் நிரல்கள் பாதுகாக்கப்படாமல் போய்விட்டதால், மூல ஆட்டத்தில் பணியாற்றியவரான கசுடோயோ மாயேஹிரோவின் தலைமையில் அது திரும்பக் கட்டப்பட வேண்டியதாயிற்று. மேம்பட்ட பதிப்பில் பாத்திரங்களுக்குக் குரல் தரப்பட்டது, வசனங்கள் திருத்தப்பட்டன, மூன்று கடினத்தன்மை நிலைகளும் தானியங்கிச் சேமிப்பும் வந்தன; ரியோவேன்ஸில் ஒற்றைச் சேமிப்போடு மாட்டிக்கொண்ட பழைய தலைமுறையின் முறையீட்டுக்கு ஏறத்தாழ முப்பதாண்டு கழித்துக் கிடைத்த விடை அது. ஆனால் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்ட தொழில்களும் பாத்திரங்களும் அதில் இடம்பெறவில்லை. மூலத்தின் கட்டுக்கோப்பைக் காக்கவே இது என்று ஏற்றவர்களும், முன்பு தந்ததைப் பறிப்பது முறையன்று என்று சினந்தவர்களும் சம அளவில் உரத்துப் பேசினர்.

இவ்வளவு குறைகளையும் அறிந்த பழைய ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை விட்டு விலகவில்லை என்பதோடு, ஆக்கியோர் போடாத காவலைத் தாமே போட்டுக்கொண்டனர். எதிரிகளைக் கடுமையாக்கும் மாற்றப் பதிப்புகளைச் சிலர் உருவாக்கினர். வேறு சிலர் ஆட்டத்தை மாற்றாமல் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டனர்: ஐந்து வீரர்களும் ஒரே தொழிலில் மட்டும் இருக்க வேண்டும், வேறு தொழிலின் திறன் எதையும் பயன்படுத்தக் கூடாது, ஓர்லாண்டோ போன்ற தனிப்பாத்திரங்களைச் சேர்க்கக் கூடாது என்ற நெறியோடு தொடக்கம் முதல் இறுதி வரை ஆடுவது ஒரு தனி மரபாகவே வளர்ந்தது. இந்த நெறியின் கீழ் நிஞ்ஜாக்கள் விரைந்து முடிக்கின்றனர், மருந்தாளர்கள் துப்பாக்கியோடு எதிர்பாராத வலிமை காட்டுகின்றனர். கணக்கர்களுக்கோ சொந்த மந்திரம் ஒன்றுகூடக் கிடையாது. பிற தொழில்களில் கற்ற மந்திரங்களைத்தான் அவர்கள் கணிதத்தில் ஏற்றி எய்கின்றனர். அக்கல்வி மறுக்கப்பட்டால் ஆட்டத்தை உடைத்த அந்தத் தொழிலுக்கு எஞ்சுவது மந்தமான கால்களும் கையில் ஒரு கம்பும் மட்டுமே என்பதால், கணக்கரான ரம்சா தனியாக விக்ராஃபைக் கடப்பதே இம்மரபில் மிகக் கடினமான சோதனைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.